தோற்காத இலை

எனக்குக் கோபம் தங்காது. வீட்டில் கிளம்பும் கோபம் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பசியாக மாறிவிடும். மேலதிகாரியிடம் கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்குத் தும்மல் வரும். அப்படிப்பட்ட என்னிடம் ஒரே ஒரு கோபம் மட்டும் இத்தனை வருஷமாகக் கெடாமல் இருக்கிறது. அதற்குக் காரணமானவர் நல்லவர். அதுதான் சிக்கல். கெட்டவன் மேல் வரும் கோபத்தை நாலு பேரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம். நல்லவர் மேல் வரும் கோபத்தை யாரிடம் சொன்னாலும், சொல்கிறவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சுதந்திரம் வந்த சூடு ஆறி, அரிசிக்கு மட்டும் இன்னும் வரிசை நின்றுகொண்டிருந்த காலம். ராயபுரத்தில், துறைமுகச் சுவருக்குச் சற்றுத் தள்ளி, பல குடித்தனங்கள் ஒரே தண்ணீர்க் குழாயைப் பங்குபோட்டுக்கொண்ட வீட்டில் எனக்கு ஓர் அறை. கப்பல் கம்பெனி ஒன்றில் இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது என் உத்தியோகம். அங்கே அதற்கு ‘ரைட்டர்’ என்று பெயர். ஊருக்கு எழுதும் கடிதங்களில் இந்தப் பட்டத்தை விளக்கம் இல்லாமல் போட்டுக்கொள்வேன். எங்கள் ஊரில் சிலர் நான் புத்தகம் எழுதுகிறேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்ன அந்த நல்லவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அதே வீட்டில் வாசலை ஒட்டிய அறை அவருடையது. பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் என் வீட்டு வாசலில் சண்டைக்கு வர ராயபுரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். பேசும்போது கை சும்மா இருக்காது. கிரேன்காரருக்குக் கீழே நிற்பவர்கள் காட்டுகிற சைகைகளையெல்லாம் அவர் வீட்டிலும் காட்டுவார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் ‘குரலை இறக்கு’ என்று அர்த்தம். முஷ்டியை மூடினால் ‘நிறுத்து’. அவர் மனைவி அந்தச் சைகைகளை ஒரு நாளும் மதித்ததாக எனக்கு நினைவில்லை.

மஞ்சள் காமாலைக்கு இலை கொடுப்பவர் என்று அவருக்கு வண்ணாரப்பேட்டை வரையில் பெயர். இலை என்றால் கீழாநெல்லி. விடிவதற்குள் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு கூட்ஸ் ரயில் லைன் பக்கம் போய் வேரோடு பறித்து வருவார். அவரே அம்மியில் அரைப்பார். நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்துக் கொடுக்க, வந்தவர் கிழக்கே பார்த்து நின்று வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்குகூட வாங்க மாட்டார். குடித்தவர் நன்றி சொல்லக் கூடாது. ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். இது அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்த முறை. இதில் உள்ள சௌகரியம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நன்றி சொல்ல உரிமை இல்லாதவனுக்குப் புகார் சொல்லவும் உரிமை இல்லை.

ரயில் லைன் பக்கம் முளைக்கும் செடியின் மேல் நிலக்கரித் தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். “கொஞ்சம் நன்றாகக் கழுவக் கூடாதா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ரொம்பக் கய்வினா சத்து பூடும் நைனா. நீ மூட்டைய எண்ணு.”

நான் கேட்டது நோயாளி என்ற முறையில். ஆமாம், எனக்கும் வந்தது. ஒரு நாள் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவனின் கீழ் இமையை, கிரீஸ் வாசனை அடிக்கும் கட்டை விரலால் கீழே இழுத்துப் பார்த்தார்.

“இன்னா நைனா, கண்ணு எலுமிச்சம்பயமா கீது? நாளைக்கு காலீல வா.”

கேட்கவில்லை, சொன்னார். நானும் போனேன். இலவசமாகக் கிடைப்பதை நான் எப்போதும் மறுத்ததில்லை. இலைகூடப் பரவாயில்லை, வெறும் கசப்பு. பத்தியம்தான் தண்டனை. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மிளகாய் கூடாது, மீன் என்ற வார்த்தையே கூடாது. மோர்ச் சோறு மட்டும். சில நாளில் நாக்கு என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. ஒரு மாலை துறைமுக வாசல் டீக்கடையில் மசால் வடை பொரிகிற வாசனை என்னைக் காலரைப் பிடித்து இழுத்துப் போயிற்று. மறுநாளும் இழுத்தது. அதற்கப்புறம் அது இழுக்கக் காத்திருக்காமல் நானே போனேன். கண் ஒரு வழியாக வெளுத்தது. பசி வந்தது. நான் பிழைத்தேன்.

அன்று முதல் நான் விளம்பரப் பலகை ஆனேன். யார் வந்தாலும் அவர் கூப்பிடுவார்: “ரைட்டரே, இப்டி வா.” வந்தவருக்கு எதிரில் என் இமையை இழுத்துக் காட்டுவார். “இத்த பாரு. மஞ்சத் தண்ணி மாதிரி இருந்துச்சி. இப்ப பாரு, பாலு. எல தோக்காது. மனுசன்தான் தோப்பான்.”

எல தோக்காது. மனுசன்தான் தோப்பான். அந்த மனிதரை ஒரு வரியில் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன். கண் வெளுத்துவிட்டால் இலை ஜெயித்தது. வெளுக்காவிட்டால் பத்தியம் முறிந்தது. “எங்கயோ உப்பு பட்டுக்கீது” என்பார். நோயாளி யோசிப்பான். யோசித்தால் எவனுக்குத்தான் ஒரு சிட்டிகை உப்பு நினைவுக்கு வராது? தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொள்வான். நான் கொஞ்சம் படித்தவன்; தர்க்க சாஸ்திரம்கூடப் புரட்டியிருக்கிறேன். இவ்வளவு ஓட்டை இல்லாத வாதத்தை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. எதனாலும் தோற்க முடியாத ஒரு மருந்தை அவர் கண்டுபிடித்திருந்தார். நோயாளிகள் மட்டும் முறை வைத்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

இலையின் மேல் எனக்கு இன்றைக்கும் பகை இல்லை. காமாலைகளில் பெரும்பாலானவை, ஓய்வாகக் கிடந்து, சுத்தமான தண்ணீரைக் குடித்து, எண்ணெயைக் குறைத்தால் தானாகவே இறங்கிவிடும் என்று பிற்பாடு டாக்டர்கள் சொல்லிக் கேட்டேன். கீழாநெல்லி அதற்குக் கொஞ்சம் துணை நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஆனால் எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள் இல்லை. அதைத்தான் அந்த வீட்டில் யாரும் கேட்கத் தயாராக இல்லை.

தனம் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் வடையைப் பற்றி எழுதினேன்.

எனக்கு எதிர் அறையில் கோவிந்தன் என்ற துறைமுகக் கூலி இருந்தான். அவன் மனைவி தனம். கல்யாணமாகிச் சில வருஷம் ஆன சின்னப் பெண். நான் ஸ்டவ்வில் சோறு வடிக்கும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்பாள். “ரைட்டரே, இன்னிக்கு சோறா, கஞ்சியா? பசையா பூட்சினா சொல்லு, எங்கூட்டுக் காலண்டரு பிஞ்சி தொங்குது” என்பாள். அவளுடைய அம்மா அஞ்சலை மீன்காரி. கடற்கரையில் ஏலம் எடுத்து, கூடையில் வைத்து, எங்கள் தெரு வழியாகப் போவாள். மகள் வீட்டுக்கு முன் மட்டும் கூடையை இறக்கிக் கொஞ்சம் மூச்சு வாங்குவாள்.

தனத்துக்குச் சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடிக்கும் வலி ரொம்ப நாளாக வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கண் மஞ்சளாயிற்று. கிரேன்காரர் இமையை இழுத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் இலை ஆரம்பமாயிற்று.

மஞ்சள் இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. தேங்காய் நார் வைத்துச் சொறிந்து கையெல்லாம் ரத்தக் கோடு. வெளிக்குப் போனால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது என்று கோவிந்தன் என்னிடம் வெட்கத்தோடு சொன்னான். நான் துறைமுக மருந்தகத்து டாக்டரிடம், யாரோ தூரத்து உறவு என்று சொல்லி இதையெல்லாம் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அரிப்பு, வெளுத்த மலம், விலாவில் வலி. பித்தம் வரும் வழியில் அடைப்பு இருக்கலாம். இலை இதை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் வந்து குளிர் நடுக்கம் கண்டால் உயிருக்கு ஆபத்து. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்” என்றார்.

ஓடி வந்து சொன்னேன். குழாயடியில் எல்லோரும் இருந்தார்கள். கிரேன்காரர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

“வெள்ளையா போவுதா? நல்லதா பூட்சி. காமாலை வெளிய வந்துகினு கீதுன்னு அர்த்தம்.”

“உடம்பெல்லாம் அரிப்பு…”

“பித்தம் தோலு வய்யா கெளம்புது நைனா. எல வேல செய்துன்னு அதான் காட்டுது.”

“வலி?”

“வேரு புடுங்கச் சொல்லோ வலிக்காதா?”

நான் கோவிந்தனைத் தனியாகக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

“ரைட்டரே, நா கப்பலுக்குக் கீய நிக்கறவன். தெனம் என் தலைக்கு மேல மூட்டக் கட்ட அந்த மனுசன்தான் எறக்கறாரு. கயிறு அறுந்து எத்தினியோ பேரு செத்துக்கீறான். எம்மேல ஒரு மூட்ட உயுந்ததில்ல. என் உசுர அவரு கைல குடுத்துட்டுதான் நா வேல செய்றேன். இவ உசுர மட்டும் எப்டி இன்னொருத்தன் கைல குடுக்கச் சொல்ற? ஆஸ்பத்ரில அறுப்பாங்கோ. எனுக்கு அங்க யாரத் தெரியும்?”

தலைக்கு மேல் மூட்டை தொங்கினால் நானும் அந்த மனிதரைத்தான் நம்பியிருப்பேன். கையில் அவ்வளவு நிதானம் உள்ளவர், ஒரு சின்ன வார்த்தையை, ‘தெரியவில்லை’ என்ற வார்த்தையை, வாயிலிருந்து இறக்கத் தெரியாதவராக இருந்தார்.

நாட்கள் போயின. தனத்துக்கு மோர்ச் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. என் சோற்றைக் கிண்டல் செய்ய வரவில்லை. நானே வேண்டுமென்று குழைய வடித்து, வாசலில் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தேன். எதிர் அறையில் சத்தம் இல்லை.

பெற்றவளால் தாங்க முடியவில்லை. அஞ்சலை ஒரு மாலை கூடையின் அடியில் எடுத்து வைத்திருந்த ஒரு துண்டு வஞ்சிரத்தை வறுத்து, சோற்றில் பிசைந்து மகளுக்கு ஊட்டினாள். தனம் நாலு வாய் சாப்பிட்டாள். அத்தனை நாளில் அவள் விரும்பிச் சாப்பிட்டது அதுதான். எட்டுக் குடித்தனத்துக்கும் மீன் வாசனை போயிற்று.

விடிந்ததும் கிரேன்காரர் இலையை அரைக்கவில்லை. தனத்தின் வாசலில் வந்து நின்றார்.

“மீன் வறுத்தது யாரு?”

அஞ்சலை எழுந்து நின்றாள். “நாந்தான்பா. புள்ள எலும்பும் தோலுமா…”

“பத்தியம் முறிஞ்சி பூட்சி. இத்தினி நாளு குட்த்தது வேஸ்ட்டு. மொதல்லருந்து ஆரம்பிக்கணும்.” அவர் கத்தவில்லை. முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. “நீ பெத்தவ. உன்னிய இன்னா சொல்றது?”

எனக்குக் கோபம் வந்தது. தும்மல் வரவில்லை. “நானும் முறித்தேன்” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“எனக்கு இலை கொடுத்தீர்களே, அப்போது. தினமும் டீக்கடையில் மசால் வடை தின்றேன். உப்பு, எண்ணெய், மிளகாய் எல்லாம் அதில் உண்டு. அப்படியும் எனக்குச் சரியாயிற்று. பத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.”

இதைவிடப் பெரிய சாட்சியம் உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் சொல்லப்பட்டிருக்காது என்று நான் நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவசரமே இல்லாமல் சொன்னார்:

“அப்ப உனுக்கு வந்தது காமாலையே இல்ல.”

குழாயடியில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவிற்று. “ரைட்டருக்கு வட காமாலை” என்றது ஒரு குரல். கோவிந்தன்கூடச் சிரித்தான், பாவம். அந்த வீட்டில் பல நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. என் கண்ணைப் பத்துப் பேருக்கு இழுத்துக் காட்டிய கை, அந்தக் கணத்தில் என்னைக் குணமானவர்கள் கூட்டத்திலிருந்து அழித்துவிட்டது. மறுநாள் இலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாயிற்று.

குளிர் நடுக்கம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகலில், இரண்டு கம்பளிக்குள் தனத்தின் பல் கடகடவென்று அடித்தது. இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. தெருவில் ஓடி ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தினேன். தனத்தைத் தூக்கி வந்து ரிக்‌ஷாவில் உட்கார வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்தான். குழந்தையைத் தூக்குவதுபோல, ஒரு அசைவுகூட வலிக்காமல் தூக்கினார். ரிக்‌ஷாவின் பின்னாலேயே ஆஸ்பத்திரி வரையில் ஓடி வந்தார். அந்த மனிதரை முழுசாக வெறுக்க அவர் எனக்கு ஒரு சந்தர்ப்பம்கூடக் கொடுத்ததில்லை.

பித்தப் பாதையில் கல் அடைத்துச் சீழ் பிடித்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். “முன்னாலேயே வந்திருந்தால் கல்லை எடுத்திருக்கலாம். இப்போது கத்தி வைத்தால் உடம்பு தாங்காது. பார்க்கலாம்” என்றார். பார்த்தார்கள். மறுநாள் மாலை தனம் போய்விட்டாள்.

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகப் பாடை தயாராகிக்கொண்டிருந்தபோது கிரேன்காரர் கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் தோளை அணைத்துக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தி அழுதார். வேஷம் இல்லை. அந்த அழுகைக்கு நடுவிலேதான் சொன்னார்: “அந்த ஒரு துண்டு மீனுடா, கோயிந்தா. அது மட்டும் இல்லன்னா பொயச்சிருப்பா.”

தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அஞ்சலை பாதி வரியில் நிறுத்தினாள். மீதி வரியைக் கடைசிவரையில் பாடவே இல்லை.

காரியம் முடிந்த பிறகு ஒரு காலையில், இலை வாங்க வந்தவர்கள் முன்னாலேயே அவரைப் பிடித்தேன்.

“டாக்டர் சொன்னதை நான் காதால் கேட்டேன். கல் அடைத்துச் செத்தாள். மீன் காரணம் இல்லை. அந்தப் பெற்றவளிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

“கல்லு எப்டி வந்துது நைனா?”

“எப்படியோ வந்தது.”

“உப்புல வந்துது. மீனுல இன்னா கீது?” இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். “உப்பு.”

“ஒரு தடவையாவது நீங்கள் தோற்கவே மாட்டீர்களா?” என்று கத்தினேன். என் குரல் பாதியில் உடைந்து கீச்சென்று போயிற்று. ஆத்திரத்தில் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அவர் உள்ளங்கையைக் கவிழ்த்தார். குரலை இறக்கு.

“நா இன்னா ஜெயிக்கவா வந்தேன்? எனுக்கு இதுல இன்னா கீது, சொல்லு. காசா? பேரா? அந்தப் பொண்ணு எனுக்கும் பொண்ணுதான். எல தோக்காது நைனா. அவ்ளோதான்.”

வரிசையில் நின்ற ஒருவன் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். கிழக்கே பார்த்து நின்று குடித்தான்.

சரி, அவர் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று அஞ்சலையைத் தேடிப் போனேன். கல்மண்டபம் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கல், அடைப்பு, சீழ். அந்த ஒரு துண்டு மீன் அவள் மகளுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை; கடைசியாக ருசித்துச் சாப்பிட்ட சோறு அதுதான் என்றேன்.

அவள் மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கூடையின் மேல் ஈரச் சாக்கை இழுத்துப் போட்டாள்.

“நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும் ரைட்டரே. அப்ப எம்பொண்ண யாரு கொன்னது? அந்த மனுசன்னு ஆவும்ல?”

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“தெனம் கருக்கல்ல எய்ந்து, ஈரத் துணியோட போயி, எம்பொண்ணுக்கு எல பறிச்ச மனுசன். ஒரு காசு வாங்கல. ரிக்‌ஷா பின்னாடியே ஓடி வந்தாரு. அவரு மேல பயி போட்டா வாயி அயுவிப் பூடும். கோயிந்தன் அவரு கைக்குக் கீயதான் இன்னும் வேல செய்றான். எம்மேலியே இருந்துட்டுப் போட்டும். நா பெத்தவ. நா தாங்குவேன்.”

“தாங்க வேண்டியது நீங்கள் இல்லையே.”

“பின்ன யாரு, நீயா? போப்பா. வெயிலு ஏறுது.”

நான் போகவில்லை. எங்கே போவதென்று தெரியவில்லை. அப்போது கையில் பையோடு ஒருவன் வந்தான். துறைமுகத்தில் பார்த்த முகம். கூடையின் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கைக் காட்டி, “இன்னா மீனு?” என்றான்.

அஞ்சலை சாக்கை எடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். எழுந்து கிட்டே போய், அவன் கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். எனக்கும் தெரிந்தது. மஞ்சள்.

“எல சாப்புட்றியா?”

“இன்னிலருந்துதான். அவருதான், பத்தியம் முறிஞ்சா இன்னா ஆவும்னு மீன்கார அஞ்சலையக் கேட்டுக்கோன்னாரு. நா சும்மா, வூட்டுக்காரங்களுக்கு வாங்கலாம்னு…”

“அய்யா, அது ஆஸ்பத்திரிக்கு…” என்று நான் ஆரம்பித்தேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை.

“எம்பொண்ணு துன்னா. செத்தா. நாந்தான் குட்த்தேன்” என்றாள் அஞ்சலை. “உனுக்கு மீனு இல்ல. வூட்டுக்கும் இல்ல. போ.”